பிரின்சியின் பழசு

திரையில் ஓடிக்கொண்டிருந்த பழசு, இடது தோளைக் கொஞ்சம் உயர்த்தி அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

பிரின்சி மிதிப்பதை நிறுத்தவில்லை. கண்ணில் வியர்வை இறங்கியிருந்தது. அதனால்தான் அப்படித் தெரிந்ததோ என்று இமையை இறுக்கி மூடித் திறந்தாள். சுவரில் மாட்டிய டிவிக்குள், மலையைச் சுற்றி ஏறும் அந்த இல்லாத சாலையில், இருபது முப்பது மீட்டர் முன்னால் சாம்பல் நிறப் பெண்ணொருத்தி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போல வெறும் முதுகு. எப்போதும் போல ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் முழங்கால்கள். அந்த ஆப்பில் வரும் உருவங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மிதிக்கும், வளைவில் சாயும், ஏற்றத்தில் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். அவற்றுக்கு வியர்க்காது. துடைத்துக்கொள்ளவும் தெரியாது.

அவள் பார்த்துக்கொண்டே மிதித்தாள். அடுத்த வளைவு வரை ஒன்றும் நடக்கவில்லை. ஹாலில் நின்ற இடத்திலேயே ஓடும் அந்த உடற்பயிற்சி சைக்கிளின் சக்கரம் சுழலும் ஓசை மட்டும் ஒரு பெரிய ஈ காதருகே பறப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் இருந்த மூன்று மாடிகளைக் கம்பெனி வாடகைக்கு எடுத்து எழுபது பெண்களைத் தங்கவைத்திருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் தூங்க வேண்டுமென்பதால் எல்லா ஜன்னலிலும் கறுப்பு பிளாஸ்டிக் பைகளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கும் அந்த ஹாலில் இருட்டுதான். பிளாஸ்டிக்கில் விழுந்த ஊசி ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் வாடையும் பழைய வியர்வை வாடையும், மேல்மாடியில் தாளிக்கிற எலுமிச்சை சாதத்தின் வாடையும், எல்லாவற்றுக்கும் மேல் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் பெயர் தெரியாத அந்தப் புளிப்பு வாடையும் அங்கே ஒன்றாகக் கலந்து நிற்கும்.

போட்டியை அறிவித்தது எச்.ஆர். ஜெரால்ட் சார். "யாரோடவும் மோத வேணாம். உங்களோட நீங்களே மோதுங்க" என்று அவர் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். முதல் தடவை பத்து கிலோமீட்டர் ஓட்டிய நேரம் அவரவர் பெயரில் பதிவாகிவிடும். அடுத்த தடவை சைக்கிளில் ஏறினால் அந்தப் பழைய ஓட்டமே சாம்பல் உருவமாக முன்னால் ஓடும். ஆறு வாரம் கழித்து, அதிகாரிகள் பார்க்கும்போது, தன் சாம்பலைத் தானே முந்துகிறவர்களுக்கு நிரந்தர வேலைப் பட்டியலில் இடம். அந்தச் சாம்பலுக்குப் பெண்கள் வைத்த பெயர்தான் பழசு. விவரம் தெரிந்தவர்கள் முதல் ஓட்டத்தை மாட்டு வண்டி போல ஓட்டி வைத்தார்கள். முப்பது நிமிஷத்துக்குள் முடித்தால் போதும் என்பது விதி. இருபத்தொன்பதில் முடித்து வைத்தால் பழசு நொண்டிக்கொண்டே போகும், கண்ணை மூடிக்கொண்டு முந்திவிடலாம்.

பிரின்சியின் பழசு நொண்டவில்லை. இருபத்தொரு நிமிஷம் நாற்பது வினாடி. ஏனென்றால் அதை ஓட்டியவள் பிரின்சி இல்லை.

கம்பெனியில் இது புதிதல்ல. கார்களுக்கு வயர் கட்டு செய்து அனுப்பும் இடம் அது. ஒருத்தி கார்டை இன்னொருத்தி தேய்ப்பது அங்கே கைமாற்றுக் கொடுப்பது போல. யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்காவது வெறும் தூக்கம். கதவருகே இருக்கிற மெஷின் கார்டைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. பதிவின் கடைசி நாளன்று இரண்டு ஷிப்ட் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு படுத்திருந்த பிரின்சி, பக்கத்துக் கட்டில் அஸ்வினியிடம் போனை நீட்டி, "என் பேர்ல நீ ஓட்டிடுடி, இருபத்தொம்போதுல முடி" என்றாள்.

அஸ்வினி பழவேற்காடு ஏரிப்பக்கத்துக் குப்பத்துப் பெண். பத்து வயதிலிருந்து அப்பாவின் சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு மிதித்தவள். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தாலும் பெட்டி ஆடும் என்பதால் வியர்வையைத் தோளில் துடைத்தே பழகியவள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? இருபத்தொண்ணா?" என்று அன்று ராத்திரி பிரின்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கால் நிக்கலடி. முன்னாடி மலை வந்துச்சி. எங்கூர்ல ஏது மலை? அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு பாக்கலாம்னு போனேன்."

"இன்னா இருந்துச்சி?"

"இன்னொரு மலை." அஸ்வினி சிரித்தாள். "நீ பேஜாராவாத. உனக்கு நான் டிரெய்னிங் குடுக்கறேன். எம் முதுகு பின்னாலயே வா."

அதற்குப் பிறகு பத்து நாள்தான் அவள் இருந்தாள்.

பிரின்சி சைக்கிளைவிட்டு இறங்கினாள். இருபத்து மூன்று நிமிஷம் ஐம்பது. தொடைகள் நடுங்கின. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜெரால்ட் சார் வருகிறார். இந்த மாசத்தோடு அவளுடைய கான்டிராக்ட் முடிகிறது. பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் கடம்பத்தூருக்கு, அக்கா புருஷன் ரகுவின் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அம்மா மெர்சி அங்கே சமையலறையில் காலை மடக்கிப் படுக்கிறாள். இன்னொருத்தி படுக்க அங்கே தரை இல்லை. "ஆர்டர் வந்ததும் ஒரு ரூம் பாரு கண்ணு, நான் வந்துடறேன்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா போனில் சொல்கிறாள். தோற்றால் வேலை மட்டும் போகாது. இரண்டு நிமிஷத்துக்கும் மேல் பின்தங்கினால் ஜெரால்ட் சார் கேட்பார்: அப்போ அந்த இருபத்தொண்ணு நாற்பதை யாரும்மா ஓட்டினது? அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்தால் கார்டு வரும். கார்டு வந்தால் எல்லாம் வரும்.

போனைத் திறந்து தன் ஓட்டங்களின் பட்டியலைப் பார்த்தாள். இன்றைய ஓட்டம் மேலே இருந்தது. அதற்குக் கீழே அவள் ஓட்டாத ஒன்று இருந்தது.

இன்று, காலை 5.10. 4.3 கிலோமீட்டர்.

காலை ஐந்து பத்துக்கு அவள் தொழிற்சாலையில் வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். விரலால் பட்டியலைக் கீழே தள்ளினாள். நேற்று, 5.10. 4.3. முந்தாநாள், 5.10. 4.3. பதினோரு நாள். நேரம் மாறவில்லை, தூரம் மாறவில்லை. பத்து கிலோமீட்டர்ப் பாதையில் நாலு புள்ளி மூணில் தினமும் யாரோ இறங்கிவிடுகிறார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம்தான். யாரோ ஒருத்தி என் பெயரில் ஏறுகிறாள். யாருக்கோ தெரிந்திருக்கிறது.

வார்டன் செண்பகம் அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வருகைப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விடியக்காலைல ஹாலை யாருக்காவது தொறந்து விடறீங்களா?"

"எதுக்கு? பேய் ஓட்டறதுக்கா?" செண்பகம் நிமிரவில்லை. "ராத்திரி பத்துக்குப் பூட்டினா ஆறுக்குத்தான் தொறப்பேன். சாவி இதோ, என் இடுப்புல."

"வேற சாவி?"

இப்போது நிமிர்ந்தாள். "இன்னாடி விசாரணை? எதனா காணாம போச்சா?"

"இல்லக்கா."

"மூஞ்சப் பாரு, வெளுத்துப் போய்க்கினு. போய் நாஷ்டா துன்னுட்டுப் படு. செத்தவளையே நெனச்சிக்கினு இருந்தா நீயும் படுத்துடுவ."

செத்தவளை நினைக்கிறேன் என்று இவளிடம் யார் சொன்னார்கள்? பிரின்சி மாடிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். செண்பகம் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸ்வினியின் கட்டிலில் இப்போது சுமலதா படுக்கிறாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, வந்து மூன்று வாரம். அவளுக்கும் பட்டியலில் இடம் வேண்டும். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என் போனை எடுத்து பாஸ்வேர்டைப் பாத்தியா?"

"எனக்கு எதுக்குக்கா உன் போனு? உன் போன்ல டிஸ்ப்ளே ஒடஞ்சிருக்குது."

"என் பேர்ல காலைல சைக்கிள் ஓட்றது நீதான?"

சுமலதா எண்ணெய்க் கையோடு அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "என் பேர்ல ஓட்றதுக்கே எனக்குக் கால் இல்லக்கா. இதுல உன் பேர்ல வேற. அந்த நேரத்துல என்னால தூங்கவே முடியல தெரியுமா? கீழ அந்தச் சக்கரம் கத்திக்கினே இருக்குது. நீதான் பிராக்டிஸ் பண்றன்னு நெனச்சேன்."

"நான் நைட் ஷிப்ட்டுடி."

சுமலதாவின் சிரிப்பு நின்றது. எண்ணெய்ப் பாட்டிலை மூடினாள். "அப்போ யாருக்கா?"

நடிக்கிறாளா என்று பிரின்சி அந்த முகத்தையே பார்த்தாள். அன்று பகலில் தூங்கவில்லை. போனில் பாஸ்வேர்டை மாற்றினாள். ஜன்னல் பிளாஸ்டிக் காற்றில் உப்பி உப்பி அடங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் யார் யாருக்கு என்னென்ன தெரியும் என்று ஒவ்வொரு முகமாக எடுத்து வைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையிலும் பட்டியலில் அது இருந்தது. 5.10. 4.3.

அன்று இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது வேனில் டிரைவர் ராஜவேலு அண்ணன் பக்கத்து முன் சீட்டில் ஏறினாள். வேன் விடுதி வாசலைவிட்டுக் கிளம்பியது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகளின் சத்தம் இரண்டு பக்கமும் சுவர் போல எழுந்தது. டீசல் புகை, மழை பெய்யாமலே ஈரமாயிருந்த தார், தூரத்தில் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். பின்னால் பெண்கள் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன எண்கள் ஒவ்வொன்றாக உருண்டுகொண்டிருந்தன.

"அண்ணா, அது எவ்ளோ தூரம்னு காட்டுதா?"

"ஆமா. ஒவ்வொரு டிரிப்பும் பூஜ்யத்துல வச்சிதான் எடுப்பேன். ஏன், கம்பெனில உன்ன வேவு பாக்க அனுப்பினாங்களா?"

மூணு புள்ளி ஒன்பது. நாலு. மூடிக்கிடந்த டீக்கடை கடந்தது. நாலு புள்ளி ஒன்று. அவள் வெளியே பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தாள். நாலு புள்ளி இரண்டு. ராஜவேலு அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார். அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் தினமும் அப்படிச் செய்வார். சாலையோரத்தில் யாரோ நட்டு வைத்த கம்பில் காய்ந்த சாமந்தி மாலை.

நாலு புள்ளி மூணு.

மார்கழி முடியும் நேரம் அது, இருவருக்கும் அப்போது காலை ஷிப்ட். பிரின்சிக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்க வேண்டியிருந்தது. வேறு காரணமே இல்லை, தூக்கம்தான். கார்டை அஸ்வினியின் கையில் வைத்து, "என்னோடதையும் தேச்சிடு, நான் மெதுவா வரேன்" என்றாள். இரண்டு கார்டு தேய்ப்பதென்றால் வேனில் போகக் கூடாது. கூட்டத்தோடு போனால் செக்யூரிட்டி கவனிப்பார். ஐந்தரைக்கு அவர் டீ குடிக்கப் போவார். அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விட வேண்டும் என்று அஸ்வினி தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து பத்துக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு பிரின்சிக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து ஷேர் ஆட்டோ பிடித்தாள். பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. ஆட்டோக்காரர் அப்பாவுதான் முதலில் பார்த்தார், சாலை நடுவில் கவிழ்ந்து கிடந்த சைக்கிளையும் அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததையும். இடித்த வண்டி நிற்காமல் போயிருந்தது. "ஐயோ" என்று கத்திக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த அவர் பின்பக்கம் ஓடினார். பிரின்சி முன்பக்கம் ஓடினாள்.

அஸ்வினி கண்ணைத் திறந்துதான் இருந்தாள்.

அவளுடைய வலது கை மூடியிருந்தது. அதற்குள் பிரின்சியுடைய கார்டின் நீல நாடா தெரிந்தது. பிரின்சி அவள் தலையைத் தூக்கி மடியில் வைக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. முதலில் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். நான்காவது விரல் வரவில்லை, இழுத்தாள். கார்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அதுவரை அஸ்வினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது யாருக்கும் தெரியாது. பார்த்தது ஒருத்திதான்.

"அண்ணா" என்றாள் பிரின்சி, வேன் தொழிற்சாலை வாசலில் நிற்கும்போது. "அன்னிக்கு அந்த ஆட்டோக்காரரு எதனா சொன்னாரா?"

"எந்த ஆட்டோக்காரரு?"

அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மாலை, நைட் ஷிப்டுக்குப் போகும் முன் ஹாலுக்குப் போனாள். சைக்கிளின் மின்வயரைப் பிடுங்கினாள். டிவியின் வயரையும் பிடுங்கினாள். இரண்டையும் சுருட்டிச் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே பைக்குள் வைத்துக்கொண்டாள். இனி யார் வந்து எப்படி ஓட்டுகிறாள் என்று பார்க்கலாம். சந்தேகம் அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்திருந்தது. யாரோ ஒருத்தி ஆட்டோக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள், தன்னைப் பயமுறுத்திப் போட்டியிலிருந்து விலக்கப் பார்க்கிறாள். ஒரு ஆள் குறைந்தால் ஒரு இடம் கூடும். அவ்வளவுதான் விஷயம். வேறு ஒன்றும் இல்லை. ஏசப்பா, வேறு ஒன்றும் இருக்கக் கூடாது.

இரவு முழுக்க டேப் சுற்றினாள். சிவப்பு வயர், பச்சை வயர், மஞ்சள் வயர். ஐந்து மணிக்கு மேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றாள். மேலே விசிறிகள் சுற்றின. எங்கிருந்தோ ஒரு மீன் பெட்டியின் வாடை வந்தது. ஐஸ் கரைந்த தண்ணீரும் உப்பும் மரமும் கலந்த வாடை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. பிரின்சியின் பின்கழுத்தில் ஈரமான காற்று பட்டது. பிறகு போய்விட்டது.

ஆறு மணிக்கு லாக்கரில் இருந்து போனை எடுத்தாள். பை அங்கேயே இருந்தது. வயர்கள் சுருட்டியபடியே இருந்தன.

இன்று, காலை 5.10. 4.3 கிலோமீட்டர்.

வெளியே போகக் கார்டைத் தேய்க்கலாமென்று கழுத்து நாடாவை இழுத்தாள். நாடாவின் நுனியில் பிளாஸ்டிக் உறை மட்டும் தொங்கியது. உள்ளே கார்டு இல்லை. உறைக்குள் பனித்துளி போலத் தண்ணீர் கோத்திருந்தது.

"தொலச்சிட்டியா? உங்களுக்கெல்லாம் கழுத்துல மாடு மாதிரி மணி கட்டணும்" என்று செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து வாங்கினார். பிரின்சி கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை எழுதும்போது இரண்டாவது எழுத்தில் கை நின்றது. பிறகு எழுதினாள்.

பதினோரு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. ஜெரால்ட் சார் ஒரு பேடும் பேனாவுமாக முன்னால் நின்றார். பிரின்சி காலையில் யாருக்கும் தெரியாமல் தரையில் போட்டுவிட்டிருந்த வயர்களைச் செண்பகம் அக்கா மறுபடி சொருகி, "எந்த மூதேவி புடுங்குச்சோ" என்று திட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து பெண்கள் சுவரோரம். சுமலதா மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"ஆல் தி பெஸ்ட்மா" என்றார் ஜெரால்ட் சார். "உன்னோடது ரொம்ப டஃப் டைம். நீயே உனக்கு வச்சிக்கினது."

பெண்கள் சிரித்தார்கள். பிரின்சி ஏறினாள். பெடல் வாரில் காலை மாட்டி இறுக்கினாள். இத்தனை பேர் இருக்கிறார்கள். பகல். வெளியே வெயில். இங்கே என்ன நடக்க முடியும்?

மலைச் சாலை விரிந்தது. பழசு கிளம்பியது. அவள் அதன் முதுகைக் கண்ணால் கவ்விக்கொண்டு மிதித்தாள், முதல் கிலோமீட்டரிலிருந்தே மூச்சைப் பிடித்து, தொடை எரிந்தால் எரியட்டும் என்று, சக்கரத்தின் ரீங்காரம் உயர்ந்து உயர்ந்து ஹாலின் கூரையை முட்டும் வரை மிதித்தாள். இரண்டாவது கிலோமீட்டர். பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாவது. பழசு இன்று அதிக தூரம் போகவில்லை. பத்து மீட்டர். ஐந்து மீட்டர். தனக்காகவே மெதுவாகப் போகிறதோ என்று தோன்றியது. எம் முதுகு பின்னாலயே வா.

மூணு புள்ளி எட்டில் அது அவள் பக்கத்தில் வந்தது. இதுவரை ஒரு நாளும் பக்கத்தில் வந்ததில்லை. இடது தோளை உயர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"சார், பாத்தீங்களா?" என்றாள் பிரின்சி மூச்சுக்கிடையில்.

"சூப்பர்மா, போ போ!"

மலையின் ஓரத்தில் பனி இறங்கியது. அந்த ஆப்பில் பனி கிடையாது. பைன் மரங்கள் ஒவ்வொன்றாக மங்கின. ஏற்றம் தட்டையானது. பனிக்குள் ஒரு மூடிய டீக்கடை கடந்து போனது. சாலை நடுவில் வெள்ளைக் கோடு. ஈரத் தார். டீசல் வாடை.

"இது அந்த ரோடு இல்ல" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டல்.

நாலு. நாலு புள்ளி ஒன்று. மிதிப்பதை நிறுத்தப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. சக்கரம் காலை இழுத்துக்கொண்டு சுற்றியது. வாரைக் கழற்றக் குனிந்தாள். விரல் எட்டவில்லை.

நாலு புள்ளி இரண்டு.

பழசு முன்னால் போய் நின்றது. சைக்கிளிலிருந்து இறங்கியது. திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். வலது கையை நீட்டியது. மூடிய கை. அது மெதுவாகப் பிரிந்தது. ஒவ்வொரு விரலாக. நான்காவது விரல் வரவில்லை. கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு வந்தது.

உள்ளே நீல நாடா, அதன் நுனியில் பிரின்சியின் கார்டு.

"அஸ்வினி" என்றாள் பிரின்சி. அன்று கூப்பிடாத பெயர்.

நாலு புள்ளி மூணு.

அவள் அந்தக் கையை உரசிக்கொண்டு தாண்டினாள். ஐஸ் தண்ணீர் போலக் குளிர். எல்லாச் சத்தமும் அடங்கியது. மீதிப் பாதை எப்போது ஓடி முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு கைதட்டல் கேட்டது. பெரிய கைதட்டல். ஆனால் முன்னாலிருந்து கேட்டது. தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பது போல. பிரின்சி நிமிர்ந்தாள். பனிக்குள், எட்டாத உயரத்தில், ஒரு சதுர வெளிச்சம் தொங்கியது. அதற்குள் ஹால் தெரிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டிய ஜன்னல்கள் தெரிந்தன. ஜெரால்ட் சார் பேடில் எழுதிக்கொண்டிருந்தார். "இருபத்தொண்ணு முப்பத்தஞ்சு! அஞ்சு செகண்டுல முந்திட்டா!"

சைக்கிளிலிருந்து ஒருத்தி இறங்கினாள். பிரின்சியின் மஞ்சள் டி-ஷர்ட். பிரின்சியின் பின்னல். பிரின்சியின் முகம்.

அவள் இடது தோளை உயர்த்தி அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுவரோரம் சுமலதா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். வேறு யாரும் அசையவில்லை.

"பிரின்சி, இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

"சார்" என்றாள் அவள். வலது கையைத் திறந்து, நீல நாடாவை எடுத்து, கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பிரின்சி கத்தினாள். மிதித்துக்கொண்டே கத்தினாள். கால் நிற்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். சாம்பல்.

செண்பகம் அக்கா ரிமோட்டை நீட்டினாள். சதுர வெளிச்சம் அணைந்தது.

பனி. தார். வெள்ளைக் கோடு. பின்னால், வெகு தூரத்தில், இரண்டு மஞ்சள் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.